எண்பத்தேழாவது பிள்ளை

விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தது காலை எட்டு மணிக்கு. சவரியாயி ஒன்பதரைக்குத்தான் வந்தாள். கீழத்தெருவில் ஒரு தலைப்பிரசவம், பிள்ளை கால் முந்தி வந்துவிட்டது. அதைப் பத்திரமாக வெளியே எடுத்து, கொடி அறுத்து, தாய்க்குக் காயமருந்து இடித்துக் கொடுத்த பிறகுதான் சேலை மாற்றினாள். மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுப்பிய சாமியாரைக் காக்க வைக்கலாமா என்று கொழுந்தன் சந்தியாகு மூன்று தடவை வாசலில் நின்று கத்திப் பார்த்தான்.

"சாமியாரு காத்திருப்பாரு. பிள்ள காத்திருக்காது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வண்டியூருக்குக் கிழக்கே நாலு மைல் நடந்தால் ஆலங்கரை. அந்த ஊர் மாதா கோயிலுக்குள் குறுக்கே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரக்கிராதி உண்டு. கிராதிக்கு முன்னால், பீடத்தைப் பார்த்து, நிலமுள்ள மேலத்தெருக்காரர்கள் உட்காருவார்கள். பின்னால், அவர்கள் முதுகைப் பார்த்து, அந்த நிலத்தில் கூலிக்கு நடுகிற கீழத்தெருக்காரர்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே வேதம், ஒரே மந்திரம், ஒரே மோட்சம். மோட்சத்தில் கிராதி எந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் எந்தச் சாமியாரும் சொன்னதில்லை.

1924-ஆம் வருஷத்து மாதா திருவிழாவன்று கீழத்தெரு இளவட்டங்கள் ஆறு பேர் அந்தக் கிராதியைக் கழற்றி வெளியே சுவரில் சாத்தி வைத்தார்கள். உடைக்கவில்லை. ஆணிகளைக்கூடப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். அன்றிருந்த பங்குச் சாமியார் கிராதியைத் திரும்ப அடிக்கச் செய்துவிட்டு, கீழத்தெருவுக்கு மூன்று மாதம் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, ஞானஸ்நானமில்லை என்று பீடத்திலிருந்து வாசித்தார். பிறக்கப்போகிற பிள்ளையா வந்து ஆணி பிடுங்கியது என்று கேட்க அன்றைக்கு ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

சவரியாயிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. புருஷன் மலாய்த் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவன், போனவன்தான். மருத்துவம் பார்த்துப் பிழைத்தாள். பங்கிலுள்ள மருத்துவச்சிகளை ஒருமுறை கூட்டிவைத்துச் சாமியாரே ஒரு பாடம் நடத்தியிருந்தார். பிள்ளை பிழைக்காது போலிருந்தால் எனக்காகக் காத்திருக்காதே, நீயே தலையில் தண்ணீர் ஊற்று, 'பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்று சொல், திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்று மனசில் நினை. தண்ணீர், வார்த்தை, எண்ணம். மூன்றும் இருந்தால் ஊற்றியது யாரானாலும் செல்லும். ஒருமுறை செல்லிவிட்டால் பாப்பரசரே வந்தாலும் திரும்பக் கொடுக்க முடியாது.

அவர் பாடத்தைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். அவள் நம்பிவிட்டாள்.

அந்த மூன்று மாதத்தில் கீழத்தெருவில் நாலு பிள்ளை பிறந்தது. நாலும் கொழுகொழுவென்று இருந்தன, ஒன்றும் சாகக் கிடக்கவில்லை. சவரியாயி நாலுக்கும் ஊற்றினாள். மூன்று மாதம் கழித்துச் சாமியார் கதவைத் திறந்தபோது கிராதி உள்ளேயே இருந்தது. கீழத்தெரு வெளியேயே நின்றுகொண்டது.

வாய்க்கால் கரையில் பனையோலைக் கொட்டகை போட்டு ஒரு மாதா படத்தை வைத்தார்கள். ஞாயிறு தோறும் சவரியாயி ஜெபமாலை சொல்லுவாள், எழுத்துத் தெரிந்த சந்தியாகு சுவிசேஷம் வாசிப்பான். 'கொட்டகை வேதம்' என்று மேலத்தெரு சிரித்தது. அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டச் சொன்னாள் சவரியாயி. பக்கத்துச் சேரிகள் இரண்டு வந்து சேர்ந்துகொண்டன. அப்படியே பூசையும் வைக்க வேண்டியதுதானே என்று கேட்டவர்களிடம், "பூச வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. தண்ணி ஊத்த இருக்கு. இருக்குறத விடவும் மாட்டேன், இல்லாதத எடுக்கவும் மாட்டேன்" என்றாள். பெயர் வைப்பதிலும் அவள் வழி தனி. சாமியார் புனிதர்களான அர்ச்சிஷ்டவர்கள் பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் போடுவார். இவள், தாய் ஆசைப்படுகிற பெயரைப் போடுவாள். தவசி, கருப்பு, செல்லத்தாய், தங்கப்பொண்ணு என்று அந்தப் பிள்ளைகள் ஊரெல்லாம் ஓடித் திரிந்தன. மாதாவைக் கும்பிடாத பசுமலைச் சபைக்காரர்கள் வந்து, எங்களோடு சேருங்கள், பள்ளிக்கூடம் வைத்துத் தருகிறோம் என்றார்கள். நல்ல மனுஷர்கள்தான். "மாதாவ வாசல்லயே விட்டுட்டு வரணுமாமே" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

இப்படிப் பதினேழு வருஷம். சவரியாயி கையால் ஞானஸ்நானம் பெற்று உயிரோடிருந்த பிள்ளைகள் எண்பத்தேழு. மூத்தவர்கள் கல்யாண வயசுக்கு வந்தபோதுதான் கண்ணி இறுகியது. மற்ற ஊர் வேதக்காரர்கள் சம்பந்தம் பேச வந்தால் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டார்கள். சீட்டுக் கொடுக்கப் பங்கு ஏட்டில் பெயரில்லை. மூன்று நிச்சயம் முறிந்தது. மூன்றாவதாக முறிந்தது சந்தியாகுவின் மகள் செல்லத்தாய்க்கு.

கீழத்தெரு மனுப்போட்டது. மேற்றிராணியார், கண்டியில் குருப்படிப்புப் படித்துவிட்டு வந்த ஞானாதிக்கம் சாமியாரை அனுப்பினார். அவர் கொண்டுவந்த உத்தரவு இதுதான்: சவரியாயி ஊற்றியது சரி என்று விசாரணையில் தெரிந்தால் எண்பத்தேழு பெயரும் அப்படியே ஏட்டில் ஏறும். சந்தேகம் வந்தால் எண்பத்தேழு பேரும் மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்காலில் நின்று, எனக்குக் கிடைத்தது ஞானஸ்நானமே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொட்டகைக்குள் சாமியார் வரமாட்டார். கிராதி இருக்கிற கோயிலுக்குள் சவரியாயி போகமாட்டாள். ஆகவே வாய்க்கால் மேட்டு வேம்படியில் ஒரு மேசை போட்டிருந்தது. மேலத்தெரு சார்பில் மணியகாரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழத்தெரு முழுக்கத் தரையில்.

"நீதானாம்மா சவரியாயி?" என்றார் சாமியார். முப்பது வயசுதான் இருக்கும். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது.

"நாந்தான் சாமி."

"எட்டு மணின்னு சொல்லியிருந்தது."

"அத அந்தப் பிள்ளகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்டார். மந்திரத்தைச் சொல்லச் சொன்னார், சொன்னாள். சொல்லி முடித்து ஊற்றுவாயா, ஊற்றி முடித்துச் சொல்வாயா என்றார்.

"சொல்லச் சொல்ல ஊத்துவேன். வாய் ஒரு நேரம், கை ஒரு நேரம்னா அது எப்பிடிச் செல்லும்?"

"என்ன நினைச்சு ஊத்துவ?"

"உங்க கோயில்ல என்ன நெனச்சு ஊத்துவாகளோ அதத்தான். கிராதிய மட்டும் நெனைக்கிறதில்ல."

மணியகாரர் தொண்டையைச் செருமினார். சாமியார் பேனாவை மசியில் தோய்த்தபடி, "ஊத்தினது செல்லும்னே வைப்போம். ஆபத்தில்லாத பிள்ளைக்கு நீ ஊத்தினது குற்றம். அது தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும். குத்தம் எம்மேல. அத நான் செமந்துக்கிறேன். பிள்ளைக தலையில ஏத்தாதீக."

அவர் தலைநிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வி கொஞ்சம் மெதுவாக வந்தது. கடைசியாக ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். "ஊத்தினது எப்பவும் சுத்தத் தண்ணிதானா? பால், கள், பதநீர் இதெல்லாம் செல்லாது. ரசம், கஞ்சித்தண்ணி, நீச்சத்தண்ணி மாதிரி எதையாவது ஊத்தியிருந்தா சந்தேகம். சந்தேகம்னா திரும்பக் கொடுக்கணும்."

சவரியாயி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

1930 சித்திரை. மேலத்தெருப் பருத்திக்காட்டில் ராக்கம்மாளுக்குச் செடிகளுக்கு நடுவிலேயே வலி கண்டுவிட்டது. பிள்ளை நீலம் பாரித்து விழுந்தது, மூச்சில்லை. ஐம்பது அடியில் இறவைக் கிணறு, அதில் கீழத்தெரு கை படக்கூடாது என்று காவல். கையெட்டும் தூரத்தில் இருந்தது மத்தியானத்துக்குக் கொண்டுவந்த நீச்சத்தண்ணிக் கலயம்தான். அதை ஊற்றினாள், மந்திரம் சொன்னாள். பிள்ளை சிலிர்த்துக்கொண்டு கத்தியது. அதுதான் தங்கப்பொண்ணு. ராத்திரி ஊறின சோற்றில் வடித்ததுதான் கீழத்தெரு வயிற்றுக்குள் போகிற தண்ணீரில் பாதி. அது தண்ணீரில்லை என்று சொல்ல ஒரு புத்தகம் இருக்கும் என்பது இன்றைய நாள் வரை அவள் புத்திக்கு எட்டவில்லை. எண்பத்தேழில் அவளுக்கு உண்மையிலேயே அனுமதி இருந்தது, சாகக்கிடந்த அந்த ஒரு பிள்ளைக்குத்தான். அதுதான் பிசகியிருந்தது.

கூட்டத்தில் ராக்கம்மாள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தக் காட்டில் அன்றைக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். சந்தியாகுவுக்கு விஷயம் தெரியாது, ஆனால் மதினியின் மௌனம் தெரியும். குனிந்து காதில் சொன்னான்: "தண்ணின்னு சொல்லிட்டு எந்திரிங்க மதினி. எம்மக மூஞ்சியப் பாருங்க."

பார்த்தாள். செல்லத்தாய் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளுக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணைப் பார்த்தாள். பதினொரு வயசு, எலும்பும் கண்ணுமாக. ஒரு வார்த்தை சொன்னால் எண்பத்தாறு பேர் கரையேறிவிடுவார்கள். இவள் மட்டும் ஏமாந்தவளாக நிற்பாள், ஏமாந்தது இவளுக்கே தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எது கிடைத்தாலும் போதும் என்று நினைக்கிற ஆட்களை விட்டுத்தானே பதினேழு வருஷத்துக்கு முன்னால் வெளியே வந்தது!

"ஒண்ணு தப்பு சாமி" என்றாள் சவரியாயி. "ராக்கம்மா மக தங்கப்பொண்ணுக்கு நீச்சத்தண்ணி ஊத்தியிருக்கேன்."

சந்தியாகு தலையில் அடித்துக்கொண்டான். ராக்கம்மாள் ஓவென்று அழுதாள். "கஞ்சித்தண்ணி வேதம்! நான் அப்பவே சொல்லல?" என்று மணியகாரர் நாற்காலியில் குலுங்கினார். சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் சந்தோஷமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஒண்ணுல தெரியாம செஞ்சவ மத்ததுல என்ன செஞ்சிருப்பன்னு நான் எப்படிம்மா எழுத? எல்லாமே சந்தேகமாப் போச்சே."

"போகல. உக்காருங்க சாமி. ஏட்டத் தொறங்க. எண்பத்தாறு பிள்ளைக்கும் எந்தத் தண்ணி, எங்க எடுத்தது, யாரு பக்கத்துல இருந்தா, அம்புட்டையும் சொல்றேன். பெத்தவளுக எல்லாரும் இங்கதான் இருக்காளுக, கேட்டுக்கங்க. ஒண்ணுல தட்டினேன்னா மூடிட்டுப் போங்க."

சாமியார் உட்கார்ந்து, ஏட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். அவள் நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"மொதப் பிள்ள தவசி. ஐப்பசி அடமழ. ஓலையில ஒழுகுன மழத்தண்ணி, இந்தக் கையில ஏந்தி ஊத்துனேன். ரெண்டாவது செல்லத்தாய். வாய்க்காத் தண்ணி, சேலையில வடிகட்டி ஊத்துனேன்."

"வடிகட்டினியா? ஏன்?"

"செவலக் கலங்கலா இருந்துச்சு. மண்ணு சாமி, சோறில்ல."

சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். "கலங்கல் செல்லும்" என்றார். கூட்டம் முதல் தடவையாக மூச்சுவிட்டது.

"மூணாவது கருப்பு. வைகையில வெள்ளம், எறங்க முடியல. கரையோரத்து மணல்ல முழங்கை ஆழம் ஊத்துத் தோண்டி, செரட்டையில மோந்தது. நாலாவது..."

நாலாவது, பத்தாவது, இருபதாவது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளை பிறந்த திக்கும், அன்றைக்கு வெயிலா மழையா என்பதும், தண்ணீருக்கு யார் ஓடினார்கள் என்பதும் கையில் ரேகை மாதிரி இருந்தது. கிணறு சொந்தமில்லாத தெரு அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் ஒரு இடத்திலிருந்து வந்திருந்தது. தாமரைக்குளம், செங்கல் காளவாசல் குழி, ரயில்வே கேட்டுக்காரன் குடம். சோலை பெண்டாட்டிக்குத் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் வலி எடுத்து, குளத்துப் படியில் இறங்கினால் விரட்டுவார்கள் என்று தயங்கி நின்றபோது, பேர்கூடத் தெரியாத ஒரு பூக்காரி இறங்கி மொண்டுவந்து கொடுத்த தெப்பக்குளத்துத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பெற்றவள் எழுந்து நின்று, "ஆமா சாமி" என்றாள்.

"முப்பத்தொண்ணு, அன்னக்கொடி. மேலத்தெருக் கெணத்துத் தண்ணி."

மணியகாரர் எழுந்துவிட்டார். "எங்க கெணத்துலயா? எவ இறங்கினது?"

"யாரும் இறங்கல. உங்க ஆத்தாதான் எறச்சுக் குடுத்தாக. வேலிக்கு மேல, பித்தளக் கொடத்தோட. பிள்ளைக்குத் தண்ணியில்லன்னு கேள்விப்பட்டு அவுகளா வந்தாக. எம்மகங்கிட்டச் சொல்லிராதடின்னாக. செத்து ஆறு வருசமாச்சு, இனிச் சொன்னா கோச்சுக்கிற மாட்டாக."

மணியகாரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் குலுங்கவில்லை.

உச்சிவெயில் தாண்டியது. சாமியாருக்கு மேலத்தெருவிலிருந்து சாப்பாட்டுக்கு ஆள் வந்தது, இரு என்று கைகாட்டினார். ஐம்பதைத் தாண்டியபோது அவர் 'நீ' போடுவதை விட்டிருந்தார், அவருக்கே தெரியவில்லை. வெயில் மேற்கே சாய்ந்தபோது சவரியாயியின் குரல் கரகரத்துப் போயிருந்தது. எண்பத்தாறும் முடிந்தது. ஒன்றிலும் தட்டவில்லை.

"எண்பத்தாறும் செல்லும்" என்றார் சாமியார். கீழத்தெரு ஆரவாரம் போட்டதில் வேப்பமரத்துக் காக்காய்கள் எழும்பிப் போயின. சந்தியாகு மகளைக் கட்டிக்கொண்டு அழுதான். சாமியார் கையமர்த்தி, "அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் கோயில்ல நானே கொடுக்கிறேன். தங்கப்பொண்ணு யாரு? வாம்மா. ஏழு வயசு தாண்டினவங்க சம்மதத்தைக் கேட்கணும்னு சட்டம். உனக்குச் சம்மதமா?" என்றார்.

தங்கப்பொண்ணு ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டு எழுந்தாள். "என்னையா கேக்குறீக?"

"உன்னைத்தான்."

"அப்ப நானும் ஒண்ணு கேக்கலாமா? ஊத்துனப்பறம் கோயில்ல நான் எங்ஙன உக்காரணும்?"

சாமியாரின் கண் ஒரு நொடி மணியகாரர் பக்கம் போய்த் திரும்பியது. "இப்போதைக்கு வழக்கம் எப்படியோ அப்படி. காலம் மாறும்மா."

"மாறுனப்பறம் வாரேன்" என்றாள் தங்கப்பொண்ணு. நேராகச் சவரியாயி முன்னால் போய் நின்றாள். "நீங்க ஊத்துங்க அத்த."

சவரியாயி சாமியாரைப் பார்த்துக் கேட்டாள்: "சாமி, இந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு ஆபத்தும் இல்ல. நீங்க பக்கத்துலயே இருக்கீக. தெரிஞ்சேதான் ஊத்தப் போறேன். செல்லுமா, செல்லாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செல்லும். ஆனா உங்களைத் திருச்சபையிலிருந்து விலக்க வேண்டி வரும். பேரைச் சொல்லிப் பீடத்திலிருந்து வாசிப்பாங்க. நீங்க இறந்தா கோயில் மணி அடிக்காது. யோசிச்சுக்குங்க."

"செல்லும்ல? அது போதும்."

செல்லத்தாய் ஓடிப்போய் வாய்க்காலில் ஒரு செம்பு மொண்டு வந்தாள். சவரியாயி அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு செம்பைச் சாமியாரிடம் நீட்டினாள். "நீங்களும் பாத்துக்கங்க. பின்னால சந்தேகம் வரக்கூடாது."

கீழத்தெருச் செம்பு. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்காத மனுஷன். வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று பாதிச் செம்பைக் குடித்துவிட்டார்.

"தண்ணிதான்" என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

"மிச்சம் வைங்க சாமி, பிள்ளைக்கு வேணும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

தங்கப்பொண்ணு முழங்கால் போடப் போனாள். "நில்லு. நின்னே வாங்கு" என்றாள் சவரியாயி. எண்ணெய் காணாத அந்தத் தலையில், சொல்லச் சொல்ல ஊற்றினாள். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து. தண்ணீர் பிள்ளையின் நெற்றியில் வழிந்து, கழுத்தில் வழிந்து, அழுக்குப் பாவாடை வரைக்கும் போனது. அவள் கண்ணை மூடவேயில்லை.

சாமியார் எண்பத்தேழாவது வரியை எழுதினார். மசி காய ஊதிவிட்டு ஏட்டை மூடப் போனபோது சவரியாயி மேசைக்கு வந்தாள். "எல்லா வரியிலயும் கடசிக் கட்டத்துல ஒரே மாதிரி எழுதியிருக்கீகளே, அது என்ன?"

"கொடுத்தவர் யாருங்கிற கட்டம். லத்தீன்ல 'ஒரு மருத்துவச்சி'ன்னு எழுதியிருக்கேன். அப்படித்தான் எழுதுற வழக்கம்."

"எந்த மருத்துவச்சி?"

அவர் ஏட்டை மூடினார்.

"விலக்குறப்ப பேரச் சொல்லித்தான விலக்குவீக? ஏட்டுல ஏத்துறப்பவும் பேரச் சொல்லி ஏத்துங்க."

ஞானாதிக்கம் சாமியார் ஏட்டைத் திரும்ப விரித்து, முதல் வரிக்குப் போய், பேனாவைத் தோய்த்தார். தவசிக்கு எதிரே எழுதினார். செல்லத்தாய்க்கு எதிரே எழுதினார். கீழத்தெரு முழுக்க மேசையைச் சுற்றி நின்றது. சந்தியாகு ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தான். "சவரியாயி. சவரியாயி. சவரியாயி." எழுத்தறியாதவள் பத்தாவது வரிக்குள் தன் பெயரின் உருவத்தைப் படித்துக்கொண்டாள்.

அறுபதாவது வரி வாக்கில் கைவலித்து, அவர் முதல் எழுத்தை மட்டும் போட்டு ஒரு புள்ளி வைத்தார். சவரியாயி விரலை அந்தப் புள்ளியின் மேல் வைத்தாள்.

"இதுல குறையுது சாமி."